மேனேஜரின் இடது பின்னங்கால்

மாஸ்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறினால் முதலில் செருப்பைக் கழற்றுவார். யாரையும் அடிக்க அல்ல. வெறுங்கால் தரையில் பட்டால்தான் அவருக்கு வார்த்தை தங்குதடையில்லாமல் வரும். அன்று நாய் ஆஸ்பத்திரியின் வெள்ளை ஓடு பதித்த தரையில் அவருடைய ரப்பர் செருப்புகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

"ஊசியா? யாருக்கு ஊசி? என் கையில இருக்கிற நாய்க்கு ஊசி போட்டுக் கொல்றதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் யாரு அதிகாரம் கொடுத்தது?"

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியிலிருந்து எடுத்து உறைக்குள் போட்டார். சரக்குக் கிடங்கின் முதலாளி கைபேசியைப் பார்த்தபடி நின்றார். மேசைக்குப் பக்கத்தில், இத்தனை சத்தத்துக்கும் காரணமான மேனேஜர், இடது பின்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்று மாஸ்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் என்பது நாயின் பெயர். கிடங்கில் காவல் காக்கிற நாய். லாரி வந்தால் சக்கரம் சக்கரமாக மோந்து பார்ப்பான். இறக்கி வைத்த பெட்டிகளைச் சுற்றி வந்து சரிபார்ப்பான். வேலை நேரத்தில் எவனாவது சாய்ந்து உட்கார்ந்தால் எதிரே போய் நின்று முறைப்பான். சம்பளம் வாங்கும் உண்மையான மேனேஜர்கூட இந்த மாதிரி வேலை பார்த்ததில்லை என்று மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர் அது. ஒரு மழை நாளில் லாரிக்கும் சரக்கு இறக்கும் மேடைக்கும் நடுவே கால் வழுக்கி விழுந்ததில் இடது பின்னங்காலின் முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது. டாக்டர் கத்தி வைத்துச் சரி செய்தார். காயம் ஆறியதும், "என் வேலை முடிஞ்சது. இனிமே காலுக்குப் பலம் ஏத்தணும், அதுக்கு மாஸ்டரம்மாதான் ஆள்" என்று அவரே மாஸ்டரம்மாவின் பயிற்சிக் கொட்டகைக்கு அனுப்பி வைத்தார். அதே டாக்டர்தான் இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேலையில நான் குறை சொல்லலம்மா. எலும்பு நல்லா இருக்கு, மூட்டு இறுக்கமா இருக்கு, தையல் ஆறிடுச்சு. எல்லாம் சரி. ஆனா காலைத் தரையில வைக்க மாட்டேங்குதே? மருந்தை மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்துட்டேன். உள்ள நரம்புல வலி தங்கிப்போச்சுன்னு நினைக்கிறேன். அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லை."

"இல்லேன்னா எனக்குக் கொடுத்துடுங்க. நான் வெச்சுக்கிறேன்."

"நீங்க வெச்சுக்கிட்டாலும் வலி வலிதானே? வாயில்லாத ஜீவன். தினமும் அனுபவிக்கணும்."

முதலாளி கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். "சனிக்கிழமை புது நாய் வருதுங்க. அதுக்குள்ள இதை நிம்மதியா அனுப்பி வெச்சிடலாம். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"உங்க மனசு கஷ்டப்படுறது முகத்துலயே தெரியுதுங்க. கைபேசியில யாரோ சிரிப்புப் படம் அனுப்பியிருக்காங்க போல" என்றார் மாஸ்டரம்மா. செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். மேனேஜரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவன் மூன்று காலில் தத்தித் தத்திப் பின்னால் வந்தான். ஒவ்வொரு தத்தலும் அவருடைய நெஞ்சில் விழுந்தது.

மாஸ்டரம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்பா இறந்த பிறகு, நாய் வளர்த்து விற்கிற ஒருவரிடம் கூண்டு கழுவும் வேலைக்குப் போனார். பினாயில் வாடையும் நாய் மயிரும் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போகும். அங்கே நாய்களைப் பழக்க ஒரு ஆள் இருந்தான், கையில் பிரம்பு. உட்காரச் சொல்லுவான், உட்காராவிட்டால் அடிப்பான். உட்கார்ந்தாலும் ஒரு அடி, மறக்காமல் இருக்க. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பொங்கிவிட்டது. "அடிக்காமலே நான் உட்கார வைக்கிறேன் பாரு" என்று சவால் விட்டாள். அவன் சிரித்தான். அவள் கூண்டுக்குள் போய்ச் சும்மா நின்றாள். நாய் சுற்றியது, மோந்தது, குரைத்தது, கடைசியில் சலித்துப்போய்த் தானாக உட்கார்ந்தது. உட்கார்ந்த நொடியில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டக்" என்றாள். தன் பங்கு ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டாள். அந்த நாய் அன்று சாயங்காலத்துக்குள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் உட்கார ஆரம்பித்தது. பிரம்புக்காரன் அடுத்த மாதம் வேறு வேலை தேடிப் போனான்.

அந்த "டக்"கில் ஆரம்பித்ததுதான் எல்லாமே. படித்தவர்கள் அதற்கென்று பிளாஸ்டிக்கில் கிளிக்கர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அமுக்கினால் சத்தம் வரும். மாஸ்டரம்மாவுக்கு நாக்கே கிளிக்கர். கடையில் வாங்க வேண்டாம், உடையாது, பையில் தேட வேண்டியதில்லை. காவல் நாய்களைப் பழக்கி, ஓட்டப்பந்தய நாய்களைப் பழக்கி, டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பழைய ரப்பர் விரிப்புகளைத் தரையில் ஒட்டி, காற்றடைத்த மெத்தைகளும் தாழ்வான மேடைகளும் கம்புகளும் வாங்கிப் போட்டு, நாய்களுக்கென்றே ஒரு உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார். ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் வந்தவர். இந்த வேலையில் தனக்கு மேல் ஒரு ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று அவரே சொல்லுவார். இதுவரை யாரும் வரவில்லை.

அவருக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய. நாயைக் கையால் அமுக்கி, வளைத்து, நிறுத்திப் பழக்குகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். தள்ளினால் நாய் எதிர்த்துத் தள்ளும், இல்லையென்றால் உங்கள் கைமேல் சாய்ந்து சுகமாக நிற்கும். அப்புறம் பலம் ஏறுவது உங்கள் தோளுக்குத்தான், நாயின் தொடைக்கு அல்ல. தீனியை மூக்குக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இழுத்துப் போகிறவர்கள் அதற்கு அடுத்த ரகம். நாயைச் சுற்றி வர வைக்கவோ குனிய வைக்கவோ அது போதும். ஆனால் மெதுவாக, நிதானமாக, ஒவ்வொரு காலையும் பார்த்து எடுத்து வைக்க வேண்டிய பயிற்சிக்கு அது சுத்தமாக ஆகாது. தீனி மேலே போனால் தலை மேலே போகும், தலை மேலே போனால் முதுகு குழியும். பின்னால் கால் என்று ஒன்று இருப்பதே நாய்க்கு மறந்துவிடும். மூக்குதான் நடக்கும், உடம்பு கூடவே இழுபடும்.

மாப்பிள்ளைக்கு வேறு ஒரு வழி பிடிக்கும். மகளைக் கட்டிய கையோடு வங்கி வேலையை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தவர் அவர். தரையில் சின்னச் சின்னப் பாய்த் துண்டுகளைப் போட்டு, அதில் காலை வைத்தால் கூலி என்று பழக்குவார். கையில் கிளிக்கர். அமுக்குவதற்குள் நாய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்துவிடும் என்பது மாஸ்டரம்மாவின் கணிப்பு.

மேனேஜர் முதலில் வந்தபோது அந்த இடது கால் துணிபோலத் தொங்கியது. விரல் தரையில் உரசிக்கொண்டே வரும். வரிசையாகப் போட்ட கம்புகளைத் தாண்டச் சொன்னால் கடைசிக் கால் தட்டிக் கம்பு உருளும். எந்த வழியில் பழக்குவது என்று அன்றே கொட்டகையில் வாக்குவாதம் நடந்தது. மாஸ்டரம்மா யோசிக்கவே இல்லை. கூண்டுக்குள் நின்ற அதே வழிதான். ஒன்றும் காட்டாமல், தொடாமல், கம்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கினால் "டக்", ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. இன்னும் கொஞ்சம் தூக்கினால் "டக்", இரண்டு துண்டு. புத்திசாலி நாய். சீக்கிரத்திலேயே காலை வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி மடக்கித் தூக்கிக் கம்பைத் தாண்டினான். மாஸ்டரம்மா வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, தொங்கின காலு! இப்படித் தூக்க வேற எவனாவது பழக்குவானா?"

அதற்குப் பிறகுதான் நொண்டல் வந்தது. கம்பு இல்லாத இடத்திலும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். வலி என்று டாக்டர் சொன்னார். வலி என்றால் பலம் போதவில்லை என்று மாஸ்டரம்மா முடிவு கட்டினார், பயிற்சியைக் கூட்டினார். நொண்டலும் கூடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கொட்டகைக்குள் நுழைந்தவர் முதல் கம்பை எட்டி உதைத்தார். அது உருண்டு மாப்பிள்ளையின் காலடியில் போய் நின்றது.

"என்ன அத்தை சொன்னாங்க?"

"சனிக்கிழமை கொல்லப் போறாங்களாம். நல்ல நாள் பார்த்திருக்காங்க."

மாப்பிள்ளை கம்பைக் குனிந்து எடுத்தார். மேனேஜரைப் பார்த்தார். அவன் காலைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரம்மாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், வால் மெதுவாக ஆடியது.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்ள. கோச்சுக்கிறதா வேணாமான்னு கேட்டப்புறம் நான் முடிவு பண்றேன்."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பாய் போட்டுப் பழக்கிப் பார்க்கலாமே."

"உங்களுக்குப் பாய் போட்டுப் படுக்கத்தான் தெரியும்! ஒரு உசுரு போகப் போகுது, இப்பப் பாயை விரிக்கிறேன்னு வர்றீங்க. காலைத் தூக்கவே முடியாம வந்த நாய் இது. தூக்க வெச்சது யாரு? நீங்களா, உங்க பாயா?"

"நாய் தூக்கலன்னு நான் சொல்லலியே அத்தை."

"பின்ன என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை கம்பை அதன் இடத்தில் வைத்தார். மாமியாரிடம் எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் கத்தினா வெளிய இருக்கிற நாயெல்லாம் ஓடிப்போயிடும்" என்றாள்.

"ஓடினா நல்லதுதான்டி, உடற்பயிற்சி" என்றார் மாஸ்டரம்மா.

கோபத்தை எங்காவது கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்குவதற்குத் தோதான ஆள் கிடங்கின் வாட்ச்மேன். கொட்டகையில் பாடுபட்டுச் சரி செய்கிற காலை, ராத்திரி நாய் கிடங்குக்குத் திரும்பியதும் அந்த ஆள் ஓடவும் குதிக்கவும் விட்டுக் கெடுக்கிறான் என்பது மாஸ்டரம்மாவின் சந்தேகம். ஏற்கெனவே தொலைபேசியில் இரண்டு தடவை பிடி பிடியென்று பிடித்தாயிற்று. "இங்க நல்லாத்தாங்க நடக்குது" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். தப்பைச் செய்துவிட்டு மறைக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

மறுநாள் காலையில், கிடங்கின் வண்டி மேனேஜரை ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் புறப்படுவதற்கு முன்பே அவர் நேராகக் கிடங்குக்குப் போய் இறங்கினார். முன்வாசலில் ஒரு லாரி குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது, நுழைய வழியில்லை. திட்டிக்கொண்டே பக்கச் சுவரை ஒட்டி நடந்து பின்பக்கம் போனார். அங்கே சுவருக்குப் பதில் கம்பிவலை. வலைக்கு உள்ளே காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அந்த இடுக்கு வழியாக முற்றம் முழுவதும் தெரிந்தது.

மேனேஜர் ரோந்து போய்க்கொண்டிருந்தான்.

நான்கு காலில் போய்க்கொண்டிருந்தான். இறக்கிய பெட்டிகளைச் சுற்றி ஒரு வட்டம், சாய்தளத்தில் ஏறி மேடைக்கு, மேடையில் நின்று ஒரு பார்வை, மறுபடி இறக்கம். இடது பின்னங்கால் தரையில் பட்டு, அழுந்தி, தள்ளி, எழுந்து வந்தது. இறக்கத்தில்கூடத் தடுமாறவில்லை. அப்புறம் லாரியின் பின்சக்கரத்துக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு, வலது பின்னங்காலைத் தூக்கி நிதானமாக நனைத்தான்.

வலது காலை.

மாஸ்டரம்மா கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். வலது காலைத் தூக்கினால் பின்னுடம்பின் பாரம் மொத்தமும் இடது காலில் நிற்கிறது. ஜவ்வு அறுந்த கால். வலி தங்கிப்போனதாகச் சொன்ன கால். ஆசுவாசமாக, அவசரமே இல்லாமல், வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் இறக்கினான்.

"அடேய்!" என்று அவரையறியாமல் கத்திவிட்டார்.

மேனேஜர் காது விறைத்துத் திரும்பினான். அடையாளம் கண்டதும் வாலைச் சுழற்றிக்கொண்டு நான்கு காலில் பாய்ந்து வந்தான். மாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கியது. வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். நின்றதும் இடது பின்னங்கால் எழுந்தது. மடங்கியது. வயிற்றோடு ஒட்டியது. அவருடைய வாயையே பார்த்தான்.

நாக்கு மேலண்ணத்துக்குப் போய்விட்டது. அவர் அதைப் பல்லால் கடித்து நிறுத்தினார்.

"பாத்தீங்களா?" என்று மேனேஜருக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் வந்தான். கையில் டீ கிளாஸ். "உங்களைக் கண்டாத்தான் மேனேஜருக்கு நொண்டி வருது. எங்ககிட்ட எல்லாம் விறைப்பாத்தான் இருப்பாரு."

"நீ ஏன்யா இதைச் சொல்லல?"

"சொல்லலியா? ரெண்டு வாட்டி போன்ல சொன்னேன். 'வாயை மூடு'ன்னீங்க. முதலாளிகிட்டச் சொன்னேன். 'டாக்டரைவிட உனக்குத் தெரியுமோ'ன்னார். அவர் இங்க வந்து மாசக்கணக்கா ஆச்சு. நாயைப் பார்க்கிறதே ஆஸ்பத்திரியில, உங்க பக்கத்துல நிக்கும்போதுதான். இனிமே நான் யார்கிட்டச் சொல்றது? மேனேஜர்கிட்டதான் சொல்லணும். அவருக்கு ஏற்கெனவே தெரியும்."

மாஸ்டரம்மா அவனை அறைந்திருப்பார். நடுவில் கம்பிவலை இருந்தது. அதனால் வலையை அறைந்தார். மேனேஜர் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். இரண்டு துண்டு கிடைக்கிற உயரம்.

அந்த உயரத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. தூக்கினால் கூலி. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கம்புக்கும், தூக்கியதற்குத்தான் கூலி கொடுத்திருக்கிறார். தரையில் வைத்ததற்கு ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. தொங்குகிற காலைத் தூக்க வைக்க வேண்டும் என்கிற வெறியில், தூக்கிய பிறகு அதை ஊன வேண்டும் என்பதையே மறந்துபோனார். நாய் மறக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஆஸ்பத்திரியில், டாக்டர் முன்னால், முதலாளி முன்னால், தன்னைக் கொல்ல நாள் குறித்துக்கொண்டிருந்தபோதும் கூலிக்காக நம்பிக்கையோடு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

யார்மேல் கோபப்படுவது? மாப்பிள்ளை பாயைப் பற்றிப் பேசினாரே தவிர, இதைச் சொல்லவில்லை, ஆகவே அவர்மேல் கொஞ்சம். டாக்டர் அத்தனை படித்தும் நாயைத் தனியாக நடக்கவிட்டுப் பார்க்கவில்லை, அவர்மேல் கொஞ்சம். வாட்ச்மேன் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் கொடுத்த பிறகும் மலைபோல மிச்சம் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லை.

முதலாளிக்குத் தொலைபேசி போட்டார். "உடனே கிடங்குக்கு வாங்க."

"அம்மா, எனக்கு மீட்டிங்..."

"வர்றீங்களா, இல்ல நான் அங்க வந்து உங்க மீட்டிங்ல நின்னு பேசட்டுமா?"

முதலாளி வந்தார். மாஸ்டரம்மா முன்வாசலுக்குச் சுற்றிப் போய், லாரிக்கு அந்தப் பக்கம், நாயின் கண்ணுக்குப் படாமல் நின்றுகொண்டார். வாட்ச்மேன் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினான், இறங்கினான், முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். மேனேஜர் வீறாக நடந்தான். முதலாளியின் கால்சட்டையை மோந்து பார்த்துவிட்டு, சரக்கில் ஏதோ குறை கண்ட மாதிரி அவரை முறைத்தான்.

"நல்லாத்தானே நடக்குது!" என்றார் முதலாளி.

மாஸ்டரம்மா லாரியைச் சுற்றி வெளியே வந்தார். மேனேஜரின் கால் எழுந்தது.

முதலாளி ஒரு தடவை நாயைப் பார்த்தார், ஒரு தடவை மாஸ்டரம்மாவைப் பார்த்தார். "நாய் நடிக்குதா?"

"நடிக்கலைங்க. வேலை செய்யுது. நான் கொடுத்த வேலை."

"புரியல."

"காலைத் தூக்கினா கறின்னு பழக்கினேன். அவன் தூக்குறான். வலியும் இல்லை, நரம்பும் இல்லை, ஒண்ணும் இல்லை."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "அதாவது, ஒரு வலியும் இல்லாத நாயை நொண்டியாக்கி, நான் ஊசி போடுற அளவுக்குக் கொண்டுவந்திருக்கீங்க. நேத்து ஆஸ்பத்திரியில என்னையும் டாக்டரையும் அந்தக் கத்து கத்தினீங்களே! அப்போ தப்பு யாருதுங்க? டாக்டருதா? இவனுதா?" வாட்ச்மேனைக் காட்டினார். "என்னுதா?"

மாஸ்டரம்மா செருப்பைக் கழற்றினார். சிமெண்டுத் தரை சுட்டது.

"என்னுதுதான்யா! என்னுது! போதுமா? இன்னும் சத்தமா வேணுமா? இங்க நிக்கிற எல்லாரும் கேட்டுக்கோங்க. தப்பு என்னுது. ஆனா ஒண்ணு சொல்றேன். அறுந்து தொங்கின காலு, ஆளைக் கண்டதும் வயித்தோட ஒட்டுற மாதிரி தூக்குது. ஆஸ்பத்திரியில தூக்குது, தெருவுல தூக்குது, சாவு எதிர்ல நின்னாலும் தூக்குது. தப்பா பழக்கினதே இவ்வளவு சுத்தமா பழக்கியிருக்கேன்னா, சரியா பழக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க!"

மூட்டைக்காரர்களில் ஒருவர் மட்டும், "அது சரிதான்" என்றார்.

"வெளிய தெரிஞ்சா உங்க கொட்டகைக்கு யாரும்மா வருவா?" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியட்டும். நீங்களே சொல்லுங்க, எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் போட்டுச் சனிக்கிழமை இல்லைன்னு சொல்லுங்க. இப்ப, என் கண் முன்னாடி."

முதலாளி போட்டார். மாஸ்டரம்மா தொலைபேசியைப் பிடுங்கி அவரே பேசினார். "டாக்டர், அந்த ஊசியை அலமாரியிலயே வைங்க. ஏன்னு நேர்ல வந்து சொல்றேன். சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க."

"புது நாய்க்கு என்ன பண்றது? சொல்லியாச்சே" என்று முதலாளி இழுத்தார்.

"வரட்டும். லாரிக்கும் மேடைக்கும் நடுவுல பலகை போடுங்க முதல்ல. அந்த நாயாவது விழாம இருக்கட்டும்."

கொட்டகைக்குத் திரும்பியதும் மாப்பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய கயிறுகளைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை கையிலிருந்த கிளிக்கரைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கும் தோணல அத்தை. கூடவேதான் நின்னேன்" என்றார்.

"உங்களுக்குத் தோணாததுக்கு நான் சந்தோஷப்படணுமா? தோணியிருக்கணும்! அதுக்குத்தானே அத்தனை வீடியோ பார்க்கிறீங்க?"

"பார்த்தேன். அதுல நீங்க இல்லையே."

அது புகழ்ச்சியா கிண்டலா என்று மாஸ்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. ஆனால் கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் சாத்தினார். அந்த இடத்தில் மாப்பிள்ளையின் பாய்த் துண்டுகளை அவரே குனிந்து போட்டார், நாயின் நடைக்குத் தகுந்த இடைவெளி விட்டு.

"காலு பாயில பட்டு, பாரம் இறங்குற நொடியில அமுக்கணும். பட்டவுடனே இல்லை. இறங்கும்போது. தொடை இறுகுறது தெரியும். தூக்கினா ஒண்ணும் கிடையாது, பார்க்கவே கூடாது, திட்டவும் கூடாது. புரியுதா?"

"புரியுது. நீங்க எங்க நிக்கப் போறீங்க?"

அதுதான் அவர் வாயால் சொல்ல விரும்பாதது. அவர் இருக்கிற இடத்தில் அந்தக் கால் இறங்காது. அவருடைய முகம், அவருடைய வாசனை, அவருடைய குரல், எல்லாமே நாய்க்கு ஒரே உத்தரவு. தானே நின்று, தானே நாய்களைக் கொண்டுவந்து நிரப்பிய கொட்டகையில், மேனேஜர் பழகும்வரை அவருக்கு இடமில்லை.

"வெளிய" என்றார்.

மறுநாள் காலையில் வண்டி வந்து மேனேஜரை இறக்கியபோது மாஸ்டரம்மா டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாய் உள்ளே போனதும் வந்து கொட்டகை வாசலில், மூடிய தகரக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மாப்பிள்ளையின் கிளிக்கர் சத்தம். தாமதம். அடுத்தது, அதுவும் தாமதம். இவர் அமுக்குகிற வேகத்தைக் கேட்கக் கேட்க மாஸ்டரம்மாவுக்கு உள்ளங்கால் அரித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிடுங்கி எறிந்திருப்பார். எறியவில்லை. பிறகு ஒன்று சரியாக விழுந்தது. அடுத்ததும்.

"நல்லாப் பண்றான் அத்தை! காலு இறங்குது!" என்று உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார்.

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னால் கால் எழுந்துவிடும்.

குட்டைக் கால் குண்டு நாய் ஒன்றை இழுத்துக்கொண்டு வாடிக்கைக்காரம்மா ஒருவர் வந்தார். மாஸ்டரம்மா வாசலில் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். "என்ன மாஸ்டரம்மா, வெளிய நிக்கிறீங்க? உங்களையே வெளிய நிறுத்திட்டாங்களா?"

மாஸ்டரம்மா ஒரு விரலை உதட்டில் வைத்து, அந்தம்மாவின் முழங்கையைப் பிடித்து டயர் கடையைத் தாண்டித் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போனார். குரல் கொட்டகைக்கு எட்டாது என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நானே நின்னேன். அந்தக் கொட்டகையில என்னை வெளிய நிறுத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல. உங்க நாய்க்கு வயிறு தரையில தட்டுது, அதைப் பாருங்க முதல்ல!"